பிடியரிசிப் பானையில் நாற்பத்தோரு மணி

இரணியல்,
செப்டம்பர் 16

ஆண்டவர் கிருபையால் ஐதராபாத்தில் சுகமாயிருக்கும் என் அன்பு மகள் பெபிஷாவுக்கு அப்பா சத்தியநேசன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம். கோழிகள் சுகம். என் முட்டுவலி நேற்றுக்கு இன்று தேவலை. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காதே மக்கா, உட்கார். போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் நீ "அப்பா..." என்று ஒரு இழுப்பு இழுப்பாயே, அதைத் தாங்க என்னால் ஆகாது.

நீ தந்துவிட்டுப் போன அரிசி போச்சு. நாற்பத்தோரு மணியும் போச்சு. மூன்று வருஷமாகக் கிறிஸ்மஸுக்குக்கூட வீட்டுக்கு வராமல் நீ உண்டாக்கிய அரிசி.

ஓணத்துக்குத் திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கிறது என்று அந்தக் கவரை என் கையில் தந்து, "அப்பா, இருபதாம் தேதி வந்து எடுத்துக்கிடுதேன். விதைக்கப்பிடாது, யாருக்கும் குடுக்கப்பிடாது. உமி எடுத்திருந்தாலும் உயிருள்ள சாதனமாக்கும்" என்று படித்துப் படித்துச் சொன்னாய். முப்பத்திரண்டு வருஷம் தபாலாபீசில் ஒரு பார்சலைத் தொலைக்காதவன் நான். பீரோவில் வைத்தால் பாச்சை உருண்டை வாசம் பிடிக்கும், பிரிட்ஜில் வைத்தால் பக்கத்தில் உன் அம்மா சாளை மீனை வைப்பாள், யோசித்து யோசித்து இந்த வீட்டில் எவனும் தொடாத இடம் ஒன்றைக் கண்டுபிடித்தேன், அதுதான் பிடியரிசிப் பானை. உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று அம்மா ஒரு கைப்பிடி போடுகிறாளே, அந்தப் பானை. கர்த்தருடைய அரிசியில் எவன் கை வைப்பான்? உயிருள்ளது என்றாயே, மூச்சு முட்டுமென்று கவரின் வாயையும் திறந்துவிட்டேன்.

அம்மா மாதர் சங்கத்தோடு திற்பரப்பு அருவியில் குளிக்கப் போன சனிக்கிழமை, மணியடிக்கிற கோயில்குட்டி வந்து, "அண்ணாச்சி, நாளைக்கு கோயில்ல அசன விருந்தில்லியா, பிடியரிசி தாங்க" என்றான். நானும் கீர்த்தனை பாடிக்கொண்டே பானையை அவன் சாக்கில் கவிழ்த்தேன். ஞாயிறு மத்தியானம் கோயில் பந்தலில் இரண்டாம் தடவை சோறு வாங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. சோறு தொண்டையிலேயே நின்றது. கறி நன்றாக இருந்ததால் இறங்கிவிட்டது.

பதறிப்போய்ப் பக்கத்து இலை நேசம்மாளிடம் மட்டும் சொன்னேன். அது என்ன அப்படிப்பட்ட அரிசி என்றாள். உள்ளதைச் சொன்னேன். நெல்லுக்குள்ளே உயரத்தைத் தீர்மானிக்கிற இடத்தை மட்டும் தேடிப்போய் நறுக்குகிற கத்தரி ஒன்று எனக்க மவ கையில இருக்கு, வேற எதையும் தொடாது, பயிர் குட்டையா நிக்கும், கன்னிப்பூ அறுப்புக்கு என்ன மழை அடிச்சாலும் சாயாது. அவ்வளவுதான் சொன்னது. மறுநாள் தக்கலை பஸ்ஸில் கண்டக்டர் கேட்கிறார், "குட்டையரிசிக்காரர் நீங்கதானா?"

அன்றையிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நேசம்மாளுக்க மகன் ஸ்மைலினுக்கு அடுத்த மாசம் கல்யாணம். பெண் அவனைவிட அரை இஞ்சுதான் குறைவு. நேசம்மாள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "அரை இஞ்சு கொறஞ்சா எனக்க மானம் போச்சு அண்ணாச்சி! மூணு தடவை வாங்கித் தின்னான் பாவி!" காலையில் அளந்தால் ஒரு அளவு, சாயங்காலம் அளந்தால் கால் இஞ்சு குறைகிறது. எனக்கும் அப்படித்தான், அளந்து பார்த்துவிட்டேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். போதகரின் அங்கி தரையில் இழுபடுகிறது என்று ஒரு பேச்சு. அது முன்னேயும் இழுபட்டதுதான், யார் கேட்கிறார்கள்.

இதற்கிடையில் இந்த ஜாஸ்பர். வாரத்தில் நாலு நாள் குடித்துவிட்டுச் சானல் வாய்க்காலில் விழுவானே, அவன்தான். ஒன்பது நாளாக விழவில்லை. "சாயாத அரிசியாக்கும் தின்னது, இனி நான் எப்பிடி விழுவேன்?" என்று கடைப் பக்கமே போகாமல் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான். அவன் மனைவி சத்தியபாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணாச்சி, இன்னும் ஒரு பிடி கிட்டுமா? இது எத்தனை நாளு தாங்கும்?" எனக்கு என்ன தெரியும்? ஆயுசுக்கும் தாங்கும் என்று சொல்லிவிட்டேன்.

மக்கா, அப்பாவை மன்னித்துவிடு. தொலைத்தது நான்தான் என்று உன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுக்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீ மட்டும் வீட்டுக்கு வராமல் இருந்துவிடாதே. உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காக்கட்டும், உன் கைவேலை விருத்தியாகட்டும்.

இப்படிக்கு,
தலை காட்ட வெட்கப்படும் அப்பா,
சத்தியநேசன்

பின்குறிப்பு: ஒட்டுமுன் அம்மா பிடுங்கி வாசித்துவிட்டாள். "மொதல்ல உங்களுக்க மூளையத்தான் நறுக்கணும். திறந்த கவரப் பாத்த அன்னைக்கே எனக்க மவளுக்க அரிசிய எடுத்து வேற கவர்ல போட்டு, எனக்க கல்யாணப் பட்டுக்குள்ள பொதிஞ்சு வச்சாச்சு. வெறுங்கவரப் பாத்தா நீங்க ஊரக் கூட்டுவியன்னு அதுல ரேசன் அரிசியப் போட்டேன்" என்கிறாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க எங்கிட்ட கேட்டியளா?" என்கிறாள். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. ஆகவே மேலே உள்ளதை வாசிக்காததாக வைத்துக்கொள்.

சந்தோஷத்தில் நேசம்மாளிடம் சொல்ல நடை வரைக்கும் போனேன். எதிரே ஜாஸ்பர் சைக்கிளில் வந்தான், முன்னால் சத்தியபாயை உட்காரவைத்து. "சைக்கிளும் சாயல்ல பாத்தியளா அண்ணாச்சி!" என்று கத்திக்கொண்டே போனான். திரும்பி வந்துவிட்டேன். நீ வரும்போது யாரிடமும் மூச்சு விடாதே. ஸ்மைலினுக்குக் குதி உயர்ந்த செருப்பு நான் வாங்கிக் கொடுத்துக்கொள்கிறேன்.