உண்மை நகலும் சம்பந்தியின் மணிவிழாவும்

எந்த ஆவணத்தையும் அழிக்கும் முன், அழிக்க வேண்டியவற்றின் பட்டியலைத் தயாரித்து, மேலதிகாரியின் ஒப்புதலை எழுத்து மூலம் பெற வேண்டும். இது விதி. உத்திரமேரூரில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த காலம் முழுவதும் இந்த விதியைச் சொல்லியே கீழே வேலை பார்த்தவர்களின் உயிரை எடுத்தவன் நான். எலி கடித்த கோப்பைக்கூட ஒப்புதல் இல்லாமல் தூக்கிப்போட விட்டதில்லை. (எலிக்கு மட்டும் விலக்கு. அது என் கட்டுப்பாட்டில் இல்லை.) அப்படிப்பட்ட நான், என் சம்பந்தியின் மணிவிழாவைப் பட்டியலும் ஒப்புதலும் இல்லாமல் ஒரே வரியில் அழித்தேன்.

ஓய்வு பெற்றவன் சும்மா இருந்திருக்கலாம். நான் கம்ப்யூட்டரில் லினக்ஸ் கற்றுக்கொண்டேன். கறுப்புத் திரையில் எழுத்துகளைத் தட்டிக் கட்டளையிடும் முறை எனக்கு உடனே பிடித்துப்போனது. சொன்னதைச் செய்யும், ஏன் என்று கேட்காது, நடுவில் டீ குடிக்கப் போகாது. பணியில் இருந்தவரை எனக்கு வாய்க்காத ஊழியர்.

சம்பந்தி சாலவாக்கத்தில் நெல் பயிரிடுகிறவர். என் மகள் மலர் அவர் வீட்டு மருமகள். என் ஒரே பேத்தியும் அங்கேதான் வளர்கிறாள். அவருடைய அறுபதாம் கல்யாணம் முடிந்து, ஸ்டுடியோக்காரர் ரஃபி பாய் எடுத்த படங்கள் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் 'மணிவிழா' என்ற போல்டரில் இருந்தன. ஆல்பத்துக்கு எது எது என்று குடும்பமே உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தது. விழாவுக்கு வர முடியாத உறவினர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாஷ்டாவுக்குக் கூப்பிட்டு, டிவியில் படம் காட்டுவதாக ஏற்பாடு. என் செல்போனில் எடுத்த படங்களையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க மாமா," என்றார் மருமகன்.

பென்டிரைவ் என்பது அரசுத் தபாலை முந்தானையில் முடிந்து அனுப்புவதற்குச் சமம் என்று விளக்கினேன். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருக்கும்போது முறைப்படி அனுப்ப வேண்டாமா? அந்த வீட்டுக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ்தான். (போட்டுக் கொடுத்த புண்ணியவான் நானே.) கூடத்தில் எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்க, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு போல்டரில் இருப்பதை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற கட்டளையை எழுதினேன். முதலில் அனுப்புநர், அடுத்து பெறுநர்: என் போல்டர், அவர் போல்டர். அரசுக் கடிதம் எழுதிப் பழகிய கை அதில் தவறவில்லை. அத்தோடு எண்டரைத் தட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

அந்தக் கட்டளையோடு சேர்க்கக்கூடிய கூடுதல் சொல் ஒன்று உண்டு. அனுப்புநரிடம் இல்லாத எதையும் பெறுநரிடம் இருக்க விடாது. படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. அசலில் இல்லாத எதுவும் நகலில் இருக்கக் கூடாது என்பதுதானே 'உண்மை நகல்' முத்திரையின் தத்துவம்? அந்த முத்திரையைக் குத்திக் குத்தியே என் வலது தோள் சற்று இறங்கியிருக்கிறது. அந்தச் சொல் 'டெலீட்' என்பதாவது என்னை யோசிக்க வைத்திருக்கலாம். எதையும் தொடாமல், என்னென்ன அழியும் என்று பட்டியல் மட்டும் போட்டுக் காட்டும் ஒத்திகை வசதியும் அதே பக்கத்தில் இருந்தது. என் விதியேதான். அது புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு என்று விட்டுவிட்டேன்.

திரையில் வரிகள் சரசரவென்று ஓடின. பாதிக்கு மேல் 'டெலீட்டிங்' என்று தொடங்கின. பழைய குப்பை கழிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிவியில் முதல் படம், வாழை இலை. இரண்டாவது, அதே இலை இன்னும் நெருக்கத்தில். மூன்றாவது என் மனைவி. நான்காவது என் கட்டைவிரல். ஐந்தாவதில் சமையல்காரர், கையில் கரண்டியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதுல நான் எங்க கீறேன் சம்பந்தி?"

"அதோ, கரண்டிக்குப் பின்னாடி. மாலை மாத்திக்கிட்டு இருக்கீங்க பாருங்க."

"கரண்டி நல்லா வந்துகீது," என்றார் அவர்.

அதன் பிறகு பாயசம் வந்தது. மறுபடியும் என் மனைவி வந்தாள். படங்கள் முடிந்து மீண்டும் வாழை இலை வந்தது. சம்பந்தியின் அக்கா இட்லித் தட்டைக் கீழே வைத்தார். "அறுவதாங் கல்யாணம் உனக்கு நடந்துச்சா, அவருக்கு நடந்துச்சா?"

மலர் ஓடிவந்து என் தோளுக்கு மேலாக லேப்டாப்பைப் பார்த்தாள்.

"அப்பா, இன்னா பண்ண?"

"நகல் எடுத்தேன்."

மருமகன் ஏதோ மீட்பு மென்பொருளை மாலைவரை ஓட்டிப் பார்த்தார். சம்பந்தியின் வேட்டிக் கரை மட்டும் மீண்டது. நான் ரஃபி பாயின் கடைக்கு ஓடினேன். கேமரா கார்டு எப்போதோ வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டதாம். ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பாரே என்றேன்.

"வச்சிக்கினுதான் இருந்தேன் சார். 'அவங்க வூட்டு கம்ப்யூட்டர்ல நானே பத்திரமா ஏத்திட்டேன், இனிமே உனக்கு எதுக்கு'ன்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறந்தான் அழிச்சேன்."

மேலதிகாரியின் ஒப்புதலைப் பெற்று அழித்தவர் அவர் ஒருவர்தான்.

சம்பந்தி சண்டை போடவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அதுதான் கனமாக இருந்தது. கூப்பிடாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? பேத்தியைப் பார்க்க என் மனைவி மட்டும் டவுன் பஸ் ஏறுவாள்; நான் பஸ் நிலையம்வரை பை தூக்குவேன். திரும்பி வந்து, குழந்தைக்குப் பல் முளைத்ததையும் "தாத்தா எங்க?" என்றால் வாசலைப் பார்ப்பதையும் சொல்வாள். சொல்லிவிட்டு என் லேப்டாப்பை ஒரு பார்வை பார்ப்பாள்.

நான் சம்பந்திக்கு வாட்ஸப்பில் விளக்கம் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு, முறைப்படி. (வருத்தம் தெரிவிக்கும் பத்தி நான்காவதாகத்தான் வந்தது. அதையும் மலர்தான் சுட்டிக்காட்டினாள்.) நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். அதற்கும் நீலக் குறி. தீபாவளிக்குச் சீர்வரிசையை என் மனைவி தனியாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். இதற்கிடையில் மலர், விழாவுக்கு வந்திருந்த உறவினர்களின் செல்போன்களிலிருந்து மணிவிழாவைத் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் வடைத் தட்டு காலியாக இருந்தால், "அப்பா நகல் எடுத்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். நான் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் கம்ப்யூட்டரின் பிளக்கை முதலில் பிடுங்குகிறார்கள்; அப்புறம்தான் தண்ணீர் தருகிறார்கள்.

சம்பந்தியின் பதில் ஒருவழியாக வந்தது. முதலில் ஒரு படம்: சம்பந்தி வீட்டுக் கூடத்துச் சுவர், அதில் பெரிய சட்டம், சட்டத்துக்குள் பளிச்சென்று ஒரு கரண்டி, அதற்குப் பின்னால் மங்கலாக மாலை மாற்றும் இருவர். கீழே எழுதியிருந்தார்: "மாலை மாத்துற படம் வேற யாருகிட்டயும் இல்ல. இதையே மாட்டிட்டோம். பேத்திக்கு காது குத்து வச்சிகீது. முன்னாடியே வந்துடுங்க. லேப்டாப் வாணாம்."

செய்தி வந்த அன்று காணும் பொங்கல்.