ஒற்றைக்குழல் கருநிறம் பூண்ட படலம்

வெல்க ஜெயபாண்டியின் கொற்றம். சாத்தூர்ச் சீமையில் ஏழு ஏக்கர் மக்காச்சோளத்தைக் காக்கும் பெருமகன், பன்றிகுலக் காலன் எனத் தம்மைத் தாமே விளித்துக்கொண்டவர், பதினோராண்டுகளில் ஒரு பன்றியின் வாலையும் தொடாத அருளாளர், அவர் புகழ் நீடு வாழ்க.

அவர் செங்கோல் லைசென்ஸ் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி. அதன்மேல் துரு என்னும் செம்படை பாளையம் இறங்கியிருந்தது. சென்ற முறை புதுப்பிக்கப் போனபோது அதிகாரி திருவாய் மலர்ந்திருந்தார்:

"இது துப்பாக்கியா, போர்வெல் பைப்பா? அடுத்த தடவை இப்படிக் கொண்டாந்தீகன்னா கையெழுத்துக் கிடையாது."

கையெழுத்து இல்லையேல் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி இல்லையேல் சோளம் பன்றிகளுடையது.

ஆகவே ஆயுத பூசைக் காலையில் வீரர் எழுந்தார். குழலில் தோட்டா இல்லையென மும்முறை நோக்கினார். கொல்லைக் கொடிக்கம்பியில் துப்பாக்கியைத் தொங்கவிட்டார். துண்டால் மூக்கை மூடினார். கடைக்காரர் நவநீதகிருஷ்ணன், "எஞ்சினுக்கு அடிக்கிற பெயிண்ட் அண்ணாச்சி, ஆசிட் ஊத்துனாலும் உரியாது" எனச் சூளுரைத்து விற்ற கறுப்பு ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினார். உள்ளிருந்த கோலிக்குண்டு போர்முரசென அதிர, மேல்காற்று புழுதிப்படை திரட்டி வர, ஈக்கள் ஒற்றராய் வந்தமர்ந்து கால் ஒட்டி மாள, வெண்கோழியொன்று இடையில் புகுந்து கருங்கோழியாய் வெளியேற, மூன்று பூச்சு அடித்து முடித்தார் முடிசூடா மன்னர். துரு அழிந்தது. குழல் கார்முகிலென நின்றது. வெற்றிவேந்தர் குளிக்கச் சென்றார்.

திரும்பி வந்தபோது ஈரம் உலராத குழலின் அடியில், கட்டைவிரல் அகலத்தில், சந்தனமும் குங்குமமும் துலங்கின.

"ஏ புள்ள, என்ன காரியம் பண்ணிட்ட?"

"அம்மிக்கும் மோட்டாருக்கும் பொட்டு வச்சாச்சு. ஆயுத பூசைக்கு ஆயுதத்தை விட்டா சாமி கேக்காதாக்கும்?" என்றாள் அவர் மனைவி பாண்டிலட்சுமி. "தொடாதீக. சந்தனத்தோட பெயிண்டும் வந்துரும்."

அவர் தொடவில்லை. அவமானத்தின் முத்திரையைத் தாங்கியபடியே மூன்றாம் நாள் அலுவலகம் ஏகினார்.

அதிகாரி குழலைத் தடவி வியந்தார். பின் புருவம் சுளித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நம்பர் எங்கய்யா?"

குழலில் பொறித்த எண் மூன்று பூச்சுக்கு அடியில் உறங்கியது. சாவியால் சுரண்டினார்கள். ஆணியால் சுரண்டினார்கள். நவநீதகிருஷ்ணனின் வாக்கு பொய்க்கவில்லை.

"நம்பர் தெரியாம நான் எதுல கையெழுத்துப் போட?" என்றபடி அதிகாரி துப்பாக்கியைத் திருப்பினார். பொட்டு கண்ணில் பட்டது. நகத்தால் நெம்பினார். சந்தனம் ஒரே வில்லையாய்ப் பெயர்ந்தது. அதனோடு பெயிண்டும் பெயர்ந்தது. அடியில் ஐந்து இலக்கங்களும், விடிவெள்ளிகள் அணிவகுத்தாற்போல், ஒளிர்ந்தன.

"பொட்டு வச்சது யாரு?"

மன்னர் மார்பு நிமிர்த்தி முழங்கினார்: "நான்தான் சார்."

கையெழுத்து விழுந்தது.

டப்பாவில் மிச்சமிருந்ததைப் பாண்டிலட்சுமி சைக்கிள் கேரியருக்கு அடித்துக்கொண்டாள்.