சைக்கிள் சுலோசனாவும் பெற்றோர் பாதுகாப்புச் சபையும்

தூத்துக்குடியில் ஒழுக்கம் இன்னும் கெட்டுப்போகாமல் இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று உப்பு, மற்றது அருமைநாயகம். கப்பல் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த அவர், பகலில் சரக்கு மூட்டைகளையும் மாலையில் ஊர்ப் பிள்ளைகளையும் மேற்பார்வை செய்து வந்தார். மூட்டைகளாவது வைத்த இடத்தில் கிடக்கும். பிள்ளைகள் கிடப்பதில்லை என்பதுதான் அவருடைய நிரந்தரக் கவலை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் கடற்கரைக் கொட்டகைக்கு 'சைக்கிள் சுலோசனா' என்ற படம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி சைக்கிள் விடுகிறாள். வாத்தியார் நாற்காலியில் கருப்பட்டிப் பாகைத் தடவுகிறாள். அப்பாவைப் போல நடந்து காட்டித் தோழிகளைச் சிரிக்க வைக்கிறாள். அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறாள். போதாக்குறைக்கு அதே வாரத்தில் அருமைநாயகத்தின் மகள் ஹில்டா, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம்ப்பா. காலேஜ்ல சேரணும்" என்று சொல்லிவிட்டாள்.

பேசி வைத்திருந்த மாப்பிள்ளை உப்பளத்து முதலாளி ஜேசுபாதம். மனைவியை இழந்தவர். வயதைக் கேட்டால் 'நாற்பதுக்குப் பக்கம்' என்பார். எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டார். மீசைக்கு மை பூசுவார்.

"இது ஒன் பேச்சில்ல, ஏளா. அந்த சைக்கிள்காரி பேச்சு" என்றார் அருமைநாயகம்.

"நான் அந்தப் படத்தப் பாக்கவேயில்லப்பா."

"பாக்காமலே இப்படின்னா, பாத்தா என்ன ஆகும்?"

இந்தத் தர்க்கத்தின் மீதுதான் 'பெற்றோர் பாதுகாப்புச் சபை' எழும்பியது. பிள்ளைகளைப் பாதுகாப்பதா, பிள்ளைகளிடமிருந்து பெற்றோரைப் பாதுகாப்பதா என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை. தலைவர் ஜேசுபாதம், காரியதரிசி அருமைநாயகம். படத்தை வன்மையாகக் கண்டிப்பதென்று முதல் கூட்டத்திலேயே முடிவாயிற்று. பாத்திரக்கடை தளவாய்தான் குறுக்கே விழுந்தார்.

"அண்ணாச்சி, கண்டிக்கிற மாதிரி அதுல என்ன இருக்கு?"

"எல்லாந்தான்."

"பாத்தியளா?"

"சீ, நான் அதையெல்லாம் பாப்பனா?"

"நானும் பாக்கல. நாலு பேரு கேட்டா என்ன சொல்ல?"

பொது நன்மையை உத்தேசித்து, அங்கத்தினர்கள் அனைவரும் குடும்பத்தாரை வீட்டில் விட்டுவிட்டு மாலைக் காட்சிக்குப் போய் அந்தக் கஷ்டத்தை 'அனுபவிப்பது' என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

வாத்தியார் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டபோது தளவாய் பெஞ்சைத் தட்டித் தட்டி அனுபவித்தார். அருமைநாயகமும் துண்டை வாயில் திணித்துக்கொண்டு தம்மால் இயன்றவரை அனுபவித்தார். பிறகு திரையில் அந்த அப்பா வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உன் சம்மதம் எதற்கு? நான் சம்மதித்தாயிற்று, போதும்" என்றார். கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. அருமைநாயகம் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சோற்றுத் தட்டின் முன்னால் மகளிடம் கடைசியாக அவர் சொன்னதும் அதே வார்த்தைதான். அப்போது வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. இருட்டில் மெல்லக் கையை உயர்த்தி, தம் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார்.

அடுத்துக் கிழட்டு மாப்பிள்ளை வந்தான். மழையில் நனைந்து அவன் தலைச்சாயம் கன்னத்தில் வழிந்தது. ஜேசுபாதம் கோபித்து எழுந்து போய்விடுவாரோ என்று அருமைநாயகம் ஓரக்கண்ணால் பார்த்தார். அவரோ கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல இவனுக்குச் சின்னப்புள்ள கேக்குது. நல்லா வேணும் மூதிக்கு" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டை கறுத்துப் போயிற்று.

மறுநாள் தீர்மானம் எழுதுவதில் சிக்கல் வந்தது. சைக்கிள் விடுவதைக் கண்டிக்கலாமென்றால் மிஷன் துரைசாணியே சைக்கிளில்தான் போகிறாள். பாகு தடவியதைக் கண்டிக்கலாமென்றால் தளவாய் சிரித்ததை ஊரே பார்த்திருக்கிறது. கடைசியில் ஜேசுபாதம்தான் வழி சொன்னார்.

"அந்த அப்பன வச்சு எழுதும். நம்ம ஊர்ல எவன் அப்படி இருக்கான்? பெத்தவங்களக் கேவலப்படுத்துதானுவ."

அருமைநாயகம் பேனாவை எடுத்தார். 'பெண்ணின் சம்மதமின்றி, வயதில் மிக மூத்தவருக்கு அவளை மணமுடித்துக் கொடுக்கும் தகப்பன் இந்நகரில் எவரும் இலர், இனியும் இரார் எனவும், ஆகவே இப்படம் முழுப் பொய் எனவும் இச்சபை பிரகடனம் செய்கிறது.' தலைவரும் காரியதரிசியும் கையெழுத்திட்டார்கள். நோட்டீஸ் அச்சாகி சர்ச் சுவரிலும் மீன் சந்தையிலும் ஒட்டப்பட்டது.

அருமைநாயகத்தின் மனைவி தேவகனி அதிகம் பேசாதவள். சந்தையிலிருந்து வந்து மீனை அரிந்துகொண்டே, "நோட்டீஸ வாசிச்சேன். நிம்மதியாப் போச்சு" என்றாள்.

"என்ன நிம்மதி?"

"ஹில்டாவுக்குப் பேசினத இனி எப்படி நடத்துவிய? ஜேசுபாதம் அண்ணாச்சி கையெழுத்தும்லா இருக்கு. அவுகளுக்கும் சொல்லி அனுப்பிட்டேன்."

"என்னன்னு?"

"தீர்மானம் ரொம்ப நல்லாருக்குன்னு."

ஜேசுபாதம் சில நாள் உப்பளத்தை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது, தமக்கு மறுமணத்தில் எக்காலத்திலும் நாட்டமிருந்ததில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். மீசை நரைத்திருந்தது. மகளைக் காலேஜுக்கு அனுப்பும் 'முற்போக்குத் தகப்பன்' என்று சபை அருமைநாயகத்துக்கு மாலை போட்டது. அவர் மறுக்கவில்லை.

மகளைப் பாளையங்கோட்டைக் காலேஜுக்கு ரயிலேற்றிவிட வந்தவர் ஜன்னலருகே நின்று, "எல்லாம் ஒன் நன்மைக்குத்தான் செஞ்சேன், ஏளா" என்றார்.

ஹில்டா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, அந்தப் படத்துல கடைசில, 'நான் செஞ்சது தப்பு'ன்னு அந்த அப்பா மககிட்ட சொல்லுவாராமே. உள்ளதா?"

"ஆமா. சொல்லுவாரு."

"அப்ப நீங்க எழுதினது சரிதாம்ப்பா. முழுப் பொய்தான்."