பிழை ஏற்கும் பெரியவர்

கடிவாளபுரியில் தேர்கள் அதிகம், தெருக்கள் குறைவு. ஆகவே அரசர் ஒரு சட்டம் செய்தார். தேரோ வண்டியோ ஓட்ட உரிமம் பெற்ற புதியவர் ஈராண்டுக்குள் இரண்டு பிழை செய்தால் உரிமம் பறிபோகும்.

சில நாளிலேயே அமைச்சர்களின் பிள்ளைகள் பலர் ஒற்றைப் பிழையில் வந்து நின்றார்கள். அரசர் கலங்கிச் சட்டத்தைத் திருத்தினார்: புதியவரின் பிழையைக் குடும்பத்துப் பெரியவர் தம்முடையதாக ஏற்கலாம்; பழைய உரிமத்துக்குப் பிழைக்கணக்கு கிடையாது. அதன்பின் படுத்த படுக்கையாய்க் கிடந்த பாட்டன்மாரெல்லாம் பொழுதெல்லாம் தேரோட்டினார்கள். பாட்டன் இல்லாத ஏழைகளின் உரிமங்கள் மட்டும் பறிபோயின. இடிபடுவோர் பெருகவே, தெருவில் நடப்பவர்கள் கழுத்தில் மணி கட்ட வேண்டும் என்று மூன்றாவது ஆணை வந்தது.

மணி கட்டியிருந்தும் பூக்காரி பொன்னுருவியின் கால் முறிந்தது. தேரை ஓட்டியவன் அமைச்சர் அதிவீரரின் மகன் சந்திரசூடன். ஏற்கெனவே ஒரு பிழை உள்ளவன். வரும் திருவிழாவில் அரசரின் தேரை ஓட்டப்போகிறவன்.

அமைச்சர் தம் தந்தை திருமலைக்கொழுந்தைப் பல்லக்கில் வைத்து அவைக்குக் கொண்டுவந்தார்.

“நான்தான் ஓட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. குடும்ப மானம்.”

“மானத்தைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர்றியா? அந்தப் பொண்ணைப் போய்ப் பாத்தியாடா?”

நீதிபதி செருமினார். “பெரியவரே, தேரைச் செலுத்தியவர் தாங்கள்தாமே?”

முதியவர் பல்லக்கிலிருந்து இறங்கி, தடியை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

“நான் கடிவாளம் பிடிச்சு முப்பது வருஷம் ஆச்சு. ஓட்டினவன் என் பேரன். நான் இருக்கறவரைக்கும் எங்க வீட்டுப் பேர்ல பொய் ஏறாது.”

நீதிபதி அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் அரசரைப் பார்த்தார். அரசர் விதானத்தைப் பார்த்தார். அங்கிருந்து நான்காவது சட்டம் இறங்கியது.

“இந்த அவையில் உண்மை பேசுவதற்குத் தாங்கள் புதியவர்,” என்றார் நீதிபதி. “ஆகவே இது தங்களின் முதல் பிழை. இன்னொன்று செய்தால் பேசும் உரிமம் பறிபோகும். யோசித்து வாய் திறக்கவும்.”

“போதும்ப்பா, பல்லக்குல ஏறுங்க,” என்று அதிவீரர் கையைப் பிடித்தார்.

திருமலைக்கொழுந்து அந்தக் கையை உதறினார்.

“ரெண்டாவதையும் இப்பவே எழுதிக்குங்க. போன மாசம் பானை வண்டியில மோதினவனும் இவன்தான். நீங்க உரிமத்தைப் பறிச்சது, அடிபட்ட வண்டிக்காரன்கிட்ட.”