தைராய்டு பறிபோன மாமனின் முறையீடு

மணவாள நகர், திருவள்ளூர்.

ஓசூரில் கம்ப்யூட்டரைத் தட்டி உலகத்தைச் சுற்றவைக்கும் என் அருமை மருமகன் ஜெகனுக்கு, கும்மிடிப்பூண்டி உருக்காலையில் கொதிக்கும் இரும்பையே முறைத்து உறையவைத்தவனும், தற்சமயம் ஓய்வில் இருப்பவனுமான தாய்மாமன் பூவராகவன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நான் நலமில்லை என்று எழுதத்தான் ஆசை. டாக்டர் விடமாட்டேன் என்கிறார். போனில் சொன்னால் உன் அத்தை காதில் விழும், அதனால் கடிதம்.

என் எழுபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு ஒரு வேட்டி எடுத்துத் தராமல், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற ஆளை அனுப்பினாயே, அங்கே ஆரம்பித்தது வினை. அந்தத் தம்பி உறிஞ்சின ரத்தத்தைக் கொட்டியிருந்தால் பூண்டி ஏரி ஒரு முழம் ஏறியிருக்கும். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரி, தைராய்டு பக்கத்தில் மட்டும் டி.எஸ்.எச். ஆறு சொச்சம், கொட்டை எழுத்தில். நம் வம்சத்தில் யாருக்கும் கொட்டை எழுத்தில் எதுவும் வந்ததில்லை மாப்ளே. அதற்கு என்ன அறிகுறி என்று போனில் தேடினேன்: அசதி, தூக்கம், மறதி, சோம்பல். என் வாழ்க்கை வரலாற்றை எவனோ என்னைக் கேட்காமலே எழுதி வைத்திருக்கிறான்.

அன்றுமுதல் ராஜவாழ்க்கை. தண்ணி கேன் தூக்குவதில்லை, ரேஷன் கடை பக்கம் தலைவைப்பதில்லை. "இன்னாங்க, ஒட்டடை அடிக்கிறேன்னு சொன்னீங்களே?" என்பாள் உன் அத்தை. "தைராய்டு இருக்குது சின்னப்பொண்ணு" என்பேன். அப்பீலே கிடையாது.

ஆனால் நோய் எனக்கு, மந்தமானது அவள். சித்திரை வெயிலில் இங்கே தார் ரோடு உருகி ரயில் ஏறி ஓடப்பார்க்கிறது. இவளோ ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கினு உட்கார்ந்திருக்கிறாள். மீன்காரரை மீஞ்சூர் வரைக்கும் துரத்துகிற குரல் அது, இப்போது பழைய ரேடியோ மாதிரி கரகரக்கிறது. ரசத்தில் ஒருநாள் ரெண்டு தடவை உப்பு, மறுநாள் உப்பே இல்லை. கேட்டால், "வயசாவுதில்ல, இன்னா பண்றது" என்கிறாள். என்னைவிட ஐந்து வயசு சின்னவள், எனக்கு வராத வயசு இவளுக்கு எந்த வழியாக வந்தது? சரி, புருசன் நோயாளி என்ற கவலையில் உருகிப்போகிறாள் என்று நான் பூரித்தேன். உருகினவள் எடை மட்டும் எப்படியோ ஏறியிருக்கிறது.

இதற்கிடையில் என் சிநேகிதன் ஹயாத் பாஷா ஒரு தைராய்டு மாத்திரை அட்டையோடு வந்தான். "எங்கூட்டு ஹாஜிரா இதத்தான் போடுது. ஒண்ணு போடு, குதிரை மாதிரி ஓடுவே" என்றான். நான் வாயைத் திறந்ததும், எல்லாவற்றிலும் மெதுவாகிப்போன உன் அத்தை இதில் மட்டும் பாய்ந்து பிடுங்கினாள். "டாக்டரைக் கேக்காம ஒண்ணும் உள்ள போவாது."

இழுத்துக்கினு போனாள் திருவள்ளூர் டாக்டர் திலகவதியிடம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "வயசானா இது கொஞ்சம் ஏறுறது சகஜம் சார். இந்தத் தாள்ல சரின்னு போட்ட அளவு இருபது வயசுக்காரனுக்கும் உங்களுக்கும் ஒண்ணுதான். தைராய்டு சுரக்குற டி.ஃபோர் சரியா இருக்கு. ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். தேவையில்லாம மாத்திரை போட்டா நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும்."

"அப்போ அசதி?"

"மத்தியானம் எவ்ளோ நேரம் தூங்குறீங்க?"

"மூணு மணி நேரம்."

"அதான்."

இப்படி என் நோயைப் பிடுங்கிக்கொண்டவர், அத்தை பக்கம் திரும்பி, "உங்களுக்குக் குளிருதாம்மா?" என்றார். "அவளுக்கு வயசாயிடுச்சு டாக்டர்" என்று நானே பதில் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளுக்கும் டெஸ்ட் எழுதினார். ரிப்போர்ட்டோடு போனவன் நான், ரத்தம் கொடுத்தது துணைக்கு வந்தவள். மணமேடையில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு கார் டிரைவருக்கு மாலை போட்ட மாதிரி இல்லை?

ஆகவே மாப்ளே, நியாயமான வேறு ஒரு லேபில் எனக்கு உடனே டெஸ்ட் போடு. ஒட்டடைக் கம்பு வாசலில் காத்திருக்கிறது. என் தைராய்டை மீட்டுக் கொடு.

பெரியபாளையத்தம்மன் புண்ணியத்தில் உன் எல்லா அளவும் கோட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நோயிழந்த மாமன்,
பூவராகவன்.

பின்குறிப்பு: நேற்று கவர் ஒட்டும் நேரத்தில் உன் அத்தையின் ரிப்போர்ட் வந்தது. டி.எஸ்.எச். நாற்பதைத் தாண்டி நிற்கிறது, டி.ஃபோர் தரையில் கிடக்கிறது. "வயசுன்னு விட்டுட்டீங்க, நல்லவேளை கூட வந்தாங்க" என்றார் டாக்டர். மாத்திரையைக் குறைச்சலாக ஆரம்பித்து, பார்த்துப் பார்த்து ஏற்றுவாராம். ஆகவே மேலே எழுதியதை நோயாளியின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள். லேப் வேண்டாம்.

இன்று காலை அவளுக்கு வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி. காபி நான்தான் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாங்க இது?" என்றாள்.

பழக்கத்தில், "தைராய்டு இருக்குது சின்னப்பொண்ணு" என்றேன்.

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒட்டடைக் கம்பைக் காட்டினாள்.