நூலக முனையில் யாரும் அடிபடவில்லை

"இன்னும் யாருமே அடிபடலையே, அப்புறம் எதுக்கு வேகத்தடை?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"அடிபடக் கூடாதுன்னுதானே சார் கேக்கறேன்" என்றாள் அவள்.

நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் எந்த இடத்தில் வண்டியில் அடிபடக்கூடும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவள் உத்தியோகம். அலுவலகத்தில் 'ஜோசியக்காரம்மா' என்றால்தான் தெரியும். அவளுடைய கணினி வரைபடத்தில் நூலக முனை ரத்தச் சிவப்பாக இருந்தது. இறக்கத்தில் சைக்கிள்கள் பாய்ந்து வரும். நூலக மதிலுக்குப் பின்னாலிருந்து லாரிகள் திரும்பும். முட்டிக்கொள்ளும் வரை ஒருவரையொருவர் பார்க்க வழியில்லை.

"உங்க கணிப்பு சரியா தப்பான்னு எப்படித் தெரியும்? நடக்கட்டும்மா. நடந்தா உடனே போட்டுடலாம்" என்றார் பொறியாளர், பெருந்தன்மையோடு.

அவள் தம்பி தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறான். வீட்டுக்கு வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே சுத்திப் போடா."

"நான் சுத்திப் போறேன்க்கா. மத்தவங்க?"

அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. மறுநாளே ஓர் எச்சரிக்கைப் பலகை எழுதி முனையில் நட்டாள். சைக்கிள்காரர்கள் நடுரோட்டில் நின்று அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கியது. பதறிப்போய்ப் பலகையைப் பிடுங்கினாள்.

பிறகு மாலைதோறும் சிவப்புத் துணியோடு தானே நின்றாள். டிரைவர்கள் முதலில் திட்டினார்கள். போகப்போக அவளைக் கண்டாலே வேகத்தைக் குறைத்தார்கள். யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

பொறியாளர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? உங்க சிவப்புப் புள்ளியில ஒண்ணும் நடக்கல. கணிப்பு தப்பு."

"நான் நிக்கறதாலதான் சார் நடக்கல."

"அப்ப நிக்காதீங்க."

நின்றால் கணிப்பு பொய். நிற்காவிட்டால் யாரோ ஒருவர் சாக வேண்டும். சில நாள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தாள். எங்கோ ஆம்புலன்ஸ் அலறினால், 'அங்கேதானா?' என்று காது நிமிர்ந்தது. அதில் துளி ஆசையும் இருந்ததை உணர்ந்தபோது தன்மீதே அருவருப்பு வந்தது. துணியை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடினாள்.

அன்று மழை விட்டிருந்த நேரம். பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் ஒரு சைக்கிள் வழுக்கிக்கொண்டு வர, திரும்பிய லாரியைக் குறுக்கே புகுந்து மறித்தாள். லாரி நின்றது, கொஞ்சம் தாமதமாக. சைக்கிள்காரன் பிழைத்தான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கால் முழுக்க மாவுக்கட்டு. பல்லைக் கடித்துக்கொண்டே அவள் சிரித்தாள். தம்பி பயந்துபோனான்.

"என்னக்கா சிரிக்கற?"

"கணிப்பு பலிச்சிருச்சுடா. இனிமே அவரால மறுக்க முடியாது."

பார்க்க வந்த அலுவலக டிரைவர், பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தபடி நின்றார்.

"வேகத்தடை போட்டாச்சாண்ணே?"

"அதுக்கு அவசியம் இல்லைன்னுட்டாரும்மா. அங்க நடந்த ஒரே விபத்துக்குக் காரணம், நடுரோட்டுல நின்ன நீங்கதானாம். உங்களை வேற ஊருக்கு மாத்தியாச்சு, இனிமே அந்த முனையில ஆபத்தே இல்லையாம்."