மோட்டார் ஓடினால்தான் கதை ஓடும்

சத்தியமங்கலம் போகும் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தேன். இடுப்பில் இருந்த வேட்டி என்னுடையது அல்ல. இடது காதுக்குள் கொஞ்சம் சேறு இருந்தது. கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஒரு சிறுகதை, கடைசிப் பக்கம் மட்டும் முடியாமல்.

யாரும் என்னைத் துரத்தவில்லை. துரத்தியிருந்தால்கூட ஓடுகிற மும்முரத்தில் அவமானம் மறந்துபோயிருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் வயிறு நிறையச் சோறு போட்டு, துவைத்து மடித்த வேட்டியும் கொடுத்து, “பாத்துப் போங்க தம்பி” என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். ஒரு தோட்டத்துக் கிணற்றையே காலி செய்துவிட்டு வருகிறவனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கட்டுரை. எழுத்தாளனுக்குச் சூழ்நிலை முக்கியம் என்று அது சொன்னது. நான் நம்பிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன். (இரண்டு தரப்புக்கும் வருத்தமில்லை.) அதன் பிறகு ஹோட்டலில் மேசை துடைத்தேன், ஈரோட்டில் மூட்டை தூக்கினேன், கடைசியாக ஒரு லாரியில் கிளீனராக இருந்தேன். லாரியில் போகும்போது எழுதிய ஒரு கதை கோயம்புத்தூர் வாரப் பத்திரிகை ஒன்றில் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்கும் தெரியாது, பத்திரிகைக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆனால் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “ஆண்டு மலருக்கு ஒரு கதை குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாகணும். வரலைன்னா அந்தப் பக்கத்துல ஊறுகா விளம்பரம் வந்துரும்” என்றார். அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எனக்கு அந்த ஒரு பக்கம்தான் உலகம். அது கிடைத்தால் நான் எழுத்தாளன். இல்லையென்றால் ஒருமுறை தப்பித் தவறி அச்சில் வந்த லாரி கிளீனர்.

அப்போதுதான் நூலகத்தில் அந்தக் கட்டுரை கண்ணில் பட்டது. பெரிய எழுத்தாளர்கள் விடியலில் எழுவார்களாம். குளிர்ந்த நீரில் குளிப்பார்களாம். கிழக்குப் பார்த்து அமர்வார்களாம். பால் கலக்காத காப்பி. ஜன்னலுக்கு வெளியே பச்சை. எல்லாவற்றுக்கும் மேலாக, அமைதி. படித்ததும் எனக்கு என்மேலேயே பரிதாபம் வந்தது. டீசல் வாடையிலும் ஹாரன் சத்தத்திலும் எழுதியே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே, அமைதி கிடைத்தால் என்ன ஆவேன்! அன்றே லாரி வேலையை விட்டுவிட்டேன்.

அமைதியைக் கொடுத்தவர்கள் குப்புசாமி அண்ணனும் அவர் மனைவி சரசக்காவும். சத்தியமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர்களுக்கு வாழைத் தோட்டம். அவர்கள் வாழைத்தாரைத்தான் எங்கள் லாரி கோயம்புத்தூருக்கு ஏற்றிப் போகும். சரசக்கா அந்த வாரப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

“ஏங்கண்ணு, அந்தக் கதைய எழுதுனது நீயா? பாத்தா அப்படித் தெரியலியே!”

“நாந்தானுங்க்கா.”

“அப்ப ஒண்ணு பண்ணு. கெணத்து மேட்டுல மோட்டார் ரூமு சும்மாதான் கெடக்குது. அங்கயே இருந்து எழுது. கரண்டு வந்தா மோட்டாரப் போடு, தொட்டி ரொம்புனா நிறுத்து. சோறு நம்மூட்டுல.”

இப்படி ஓர் ஏற்பாட்டை எந்த அரசாங்கமும் எந்த எழுத்தாளனுக்கும் செய்து கொடுத்ததில்லை. மூன்று வேளைச் சோறு, ஒரு கயிற்றுக் கட்டில், சுற்றிலும் வாழை. நான் கட்டுரையை அப்படியே கடைப்பிடித்தேன். விடியலில் எழுந்தேன், தொட்டியில் குளித்தேன், கிழக்குப் பார்த்து உட்கார்ந்தேன். கிழக்கே சுவிட்ச் போர்டு இருந்தது. பரவாயில்லை என்று அதையே பார்த்தேன். கடுங்காப்பி குடித்தேன். அமைதி வந்தது. கூடவே தூக்கமும் வந்தது.

முதல் வாரத்தில் நான் எழுதியது கதையின் தலைப்பு. இரண்டாம் வாரத்தில் அதை அடித்தேன். அந்த அமைதியில் எறும்பு போவதுகூடக் கேட்கிற மாதிரி இருந்தது. கதை வருவது மட்டும் கேட்கவில்லை. மயில் ஒன்று அவ்வப்போது கூரைமேல் வந்து நின்று, ‘இன்னுமா?’ என்கிற மாதிரி கத்திவிட்டுப் போகும்.

ஒரு நாள் மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பும்வரை என்ன செய்வது என்று சும்மா பேனாவை எடுத்தேன். மோட்டார் அடித் தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தது. சுவர் லேசாக நடுங்கியது. கட்டிலும் நடுங்கியது. கட்டிலோடு நானும் நடுங்கினேன். தலை நிமிர்ந்து பார்த்தபோது முழுதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தினேன். எழுதிக்கொண்டிருந்த வாக்கியமும் பாதியில் நின்றது.

அப்போதுதான் புரிந்தது. நான் எழுதியது லாரிக்குள் இருந்ததால் அல்ல, லாரி ஓடியதால். என் மண்டைக்குள் இருக்கும் எழுத்தாளன் என்ஜின் ஓடினால்தான் எழுந்து உட்காருவான்.

அதற்குப் பிறகு கதை, கரண்டு வரும் நேரத்துக்கு வளர்ந்தது. தொட்டி கொள்ளும் அளவு தண்ணீர், அதே அளவு கதை. மழை பொய்த்த வருடம் என்பதால் ஊரில் பல கிணறுகள் வற்றியிருந்தன; அண்ணன் கிணற்றில் பாதி இருந்தது. அவர் தண்ணீரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார். புதன்கிழமை காலைக்குள் கடைசிப் பக்கம் ஒன்றுதான் பாக்கி.

அன்று காலை இட்லி போடும்போதே சரசக்கா சொன்னார்: “கண்ணு, இன்னைக்கு மோட்டாரப் போட்டராத. நம்ம சம்முகத்துக்குப் பொண்ணூட்டுக்காரங்க வாராங்க, ஊடு பாக்கறதுக்கு.”

சண்முகம் அவர்களுடைய ஒரே மகன். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து வீட்டையும் தோட்டத்தையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் வார்த்தை கொடுப்பார்கள். அன்று அவன் விடியலிலிருந்தே இஸ்திரி போட்ட சட்டையில், எதன்மேலும் சாயாமல் நின்றுகொண்டிருந்தான்.

நான் சரி என்றுதான் சொன்னேன். மோட்டார் ரூமுக்குப் போய் உட்கார்ந்தேன். கடைசிப் பக்கம். கிழக்கே சுவிட்ச். அதில் கரண்டு வந்ததற்கான சிவப்பு விளக்கு. ஊறுகாய் விளம்பரம் என் கண்முன்னால் வந்து போனது.

தொட்டியில் விட்டால் வழிந்து காட்டிக் கொடுக்கும். வாழைக்கு விட்டால் அண்ணன் பார்த்துவிடுவார். தெற்குப் பக்கம் புதர் மண்டிய பழைய வாய்க்கால் ஒன்று இருந்தது. அதை யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. எங்காவது காட்டுக்குப் போய்த் தொலையும் என்று தண்ணீரை அதில் திருப்பிவிட்டு, மோட்டாரைப் போட்டேன்.

அது எங்கே போகும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. (யோசிக்கிற வழக்கம் இருந்திருந்தால் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியிருப்பேன்.) இரண்டு பக்கமும் வேலி கட்டிய இட்டேரித் தடம் ஒன்று பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு வரும். வீட்டுக்கு வர அது ஒன்றுதான் வழி. பழைய வாய்க்கால் போய் முடியும் இடம் அதுதான்.

நான் எழுதினேன். எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். வெளியே ஹாரன் அடித்திருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் இருக்கிறார்கள். எனக்கு மோட்டாரைத் தவிர எதுவும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தின் நடுவில், கதாநாயகி வாயைத் திறக்கிற நேரத்தில், மோட்டார் நின்றது.

சுவிட்ச் பக்கத்தில் சரசக்கா. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். முழங்கால்வரை சேறு.

“ஏங்கண்ணு, என்ன பண்ணிப்போட்டே!”

“எழுதிட்டிருக்கேனுங்க்கா.”

“தடத்த ஆறாக்கிப்போட்டு எழுதறயா? போயிப் பாரு, சம்பந்தி ஆத்துக்குள்ள உக்காந்திருக்காரு!”

ஓடினேன். இட்டேரித் தடத்தின் நடுவில் ஒரு வெள்ளை அம்பாசிடர் சக்கரம் மறைகிற அளவுக்குப் புதைந்திருந்தது. பெண்ணின் அப்பா தள்ளலாம் என்று முதலில் இறங்கியிருக்கிறார். இறங்கிய வேகத்தில் உட்கார்ந்தும் விட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சுற்றிலும் செம்மண் குழம்பு. பெண்ணின் அம்மா காருக்குள்ளிருந்து பழத்தட்டைத் தலைக்குமேல் பிடித்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். குப்புசாமி அண்ணன் என்னைப் பார்த்து, “ஏனுங்க தம்பி, மோட்டாரு நீங்க போட்டீங்களாங்க? இன்னைக்குப் போட வேண்டாமுன்னு உங்களுக்குச் சொன்னமுங்களே, இல்லீங்களா?” என்றார். ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் நான் ஓர் அடி பின்னால் போனேன்.

பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார்கள். பிராயச்சித்தமாக நான் பின்னால் நின்று தள்ளினேன். சக்கரம் சுற்றியது. அந்தத் தடத்தின் சேற்றில் பாதி என் மேல் வந்து சேர்ந்தது. கார் கிளம்பிய பிறகு நான் மனிதன்தான் என்பதற்கு அடையாளமாகக் கண்கள் மட்டும் இருந்தன.

பெண்ணின் அப்பா குளித்து, அண்ணனுடைய வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சண்முகம் சட்டை கசங்காமல், முகம் மட்டும் கசங்கி நின்றான். அவர் என்னைக் காட்டி, “ஆருங்க இவரு?” என்றார்.

“எழுத்தாளருங்க” என்றார் சரசக்கா.

“கணக்கு எழுதறவருங்களா?”

“கதை எழுதறவருங்க.”

“கதைக்குமா தண்ணி உடுவாங்க?” என்று கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். “இந்த ஊர்ல கெணறெல்லாம் வத்திப்போச்சுன்னு சொன்னாங்க. புள்ளையக் குடுத்துட்டு அவ கொடத்தோட அலையறதப் பாக்க முடியாதுங்க. அதக் கேட்டுப்போடலாமுன்னுதான் வந்தோம். இங்க என்னன்னா தடத்துலயே முழங்காலுத் தண்ணி உட்டிருக்கீங்க! வாங்க, கெணத்தையும் ஒருக்கா எட்டிப் பாத்துப்போடலாம்.”

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கிணற்றின் அடியில் ஒரு தவளை, எங்கே போவதென்று தெரியாமல் பாறைமேல் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் கிணறு.

குப்புசாமி அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பொய் சொல்லப்படாதுங்க. காலைல அரைக் கெணறு இருந்துச்சு. அத்தனையும் இப்ப, நீங்க உக்காந்து எந்திரிச்ச எடத்துலதானுங்க இருக்குது.”

பெண்ணின் அப்பா தவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “மறுபடி ஊறுமுங்களா?”

“பொழுது உளுகறதுக்குள்ள பாதி ஊறிருமுங்க.”

பெண்ணின் அம்மா பழத்தட்டை அப்போதுதான் கீழே இறக்கினார். “அப்புறமென்ன யோசன? இவரு மாப்ள ஊட்டு மண்ணுல உக்காந்தாச்சு. இனி எந்திரிச்சு வேற ஊடு பாக்கப் போறதெங்க?”

வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். பந்தியில் என்னையும் உட்கார வைத்தார்கள். சரசக்கா எனக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினார். அந்தக் கை ஊற்றிய பாயசத்துக்கு நான் இன்றுவரை தகுதி பெறவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். ‘ங்க’ குறைந்திருந்தது, கோபம் தணிந்துவிட்டது என்று தெரிந்தது. “தம்பி, உனக்குச் சத்தம் வேணும், எனக்குத் தண்ணி வேணும். ரெண்டும் ஒரே கெணத்துல ஆகாது. சத்தம் மட்டும் இருக்கற எடமாப் பாத்துக்க.” எழுத்தாளர்களின் சூழ்நிலை பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான யோசனை அது.

அந்த வீட்டில் இன்றும் யாராவது மோட்டாரை நிறுத்த மறந்தால், “என்ன, கதை எழுதறயா?” என்றுதான் கேட்கிறார்கள். சண்முகத்தின் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்வது ஏன் என்று வெகுகாலம் தெரியாது. கதை எழுதுவது என்றாலே தண்ணீரை வீணடிப்பது என்று நினைத்திருக்கிறார்கள். முழுக்கத் தவறென்று சொல்ல முடியாது.

அன்று சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, கோயம்புத்தூர் பஸ் நிலையத்து பெஞ்சில் படுத்தேன். மறுநாள் வியாழக்கிழமை. காலையில் பீளமேட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு சந்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. கால் தானாகத் திரும்பியது. மாவு மில். வாசலில், ஆள் வேண்டும் என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. உள்ளே இருந்த அம்மாவுக்குத் தலை, புருவம், இமை எல்லாம் மாவு. வயது என்னவென்று கண்டுபிடிக்க வழியில்லை.

“சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கறீங்க?” என்று கத்தினார்.

“அது கெடக்கட்டுங்க! மில்லு எவ்வளவு நேரம் ஓடுமுங்க?” என்று நானும் கத்தினேன்.

“காலைல போட்டா பொழுதோட ஊடு போறவரைக்கும்!”

“நடுவுல நிறுத்துவீங்களா?”

“எதுக்கு நிறுத்தறது? இத்தன நாளா வந்தவனெல்லாம் எப்ப நிறுத்துவீங்கன்னுதான் கேட்டான். நீங்க என்னங்க தம்பி?”

சேர்ந்துவிட்டேன். அன்று மத்தியானம் மிளகாய் அரைக்கிற இயந்திரத்தின் பக்கத்தில், தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில், கதாநாயகி வாயைத் திறந்து பேசினாள்.

மறுநாள் அந்த அம்மாவிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கு ஓடினேன். ஆசிரியர் என் முன்னாலேயே படித்தார். கடைசிப் பக்கம் வந்தது. மூக்கை உறிஞ்சினார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஊறுகா விளம்பரத்த எடுத்துரச் சொல்லு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். குரல் கம்மியிருந்தது.

மிளகாய்த் தூளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.